மறு: பிளாசிபிள் டினையபிலிட்டி – ‘மறுப்பிடம்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். ‘பிளாசிபிள் டினையபிலிட்டி’ (plausible deniability), அதாவது ‘எனக்குத் தெரியாது’ என்று பின்னால் நம்பும்படி சொல்ல முன்கூட்டியே வழி வைத்துக்கொள்வது. இதற்குத் தமிழில் ‘மறுப்பிடம்’ என்று நான் முன்வைத்திருந்தேன். வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘நம்பத்தகு மறுப்பு’ போதுமே. மூலத்தில் இரண்டு சொல், நம்மிடமும் இரண்டு சொல்.

கணக்கு சரிதான் ஐயா, பொருள்தான் இடறுகிறது. மறுப்பு என்பது கேள்வி வந்த பிறகு வாய் திறந்து சொல்வது. இந்தச் சொல் குறிப்பதோ, காரியத்தைத் தொடங்கும்போதே செய்துவைக்கும் ஏற்பாட்டை. 1948 ஜூனில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு மன்றம் 10/2 என்ற எண்ணில் ஓர் ஆணை போட்டது. ரகசிய நடவடிக்கை வெளியே தெரிந்துவிட்டாலும், தனக்குப் பொறுப்பில்லை என்று அரசு நம்பும்படி சொல்ல முடிய வேண்டும். அப்படித்தான் அதைத் திட்டமிட வேண்டும் என்கிறது அந்த ஆணை. யாரும் மறுக்காமலே போகலாம், ஏற்பாடு மட்டும் இருக்கும்.

அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி, அவர் தம்பி ராபர்ட் ஆகியோரைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கும்போதுதான் இதில் மாட்டிக்கொண்டேன். 1961 ஏப்ரல் 15 அன்று கியூபாவின் விமானத் தளங்களில் குண்டு விழுகிறது. போட்டவை அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. ஏற்பாடு செய்த பி-26 குண்டுவீச்சு விமானங்கள். கிளம்பியது நிகராகுவாவிலிருந்து, பூசியிருந்ததோ கியூப விமானப்படையின் அடையாளம். இன்னொரு விமானம் நேரே அமெரிக்காவின் மயாமியில் போய் இறங்குகிறது. சண்டையில் அடிபட்டதுபோலத் தெரிய, கிளம்பும் முன்பே அதைச் சுட்டு ஓட்டை போட்டிருந்தார்கள். ‘நான் கியூபத் தலைவர் காஸ்ட்ரோவின் படையிலிருந்து தப்பி வந்தவன்’ என்றார் விமானி. உண்மை தெரியாத அமெரிக்காவின் ஐ.நா. தூதர் அட்லாய் ஸ்டீவன்சன் அந்த விமானத்தின் படத்தை ஐ.நா.வில் தூக்கிக் காட்டினார். அப்புறம்தான் மூக்கைப் பார்த்தார்கள். காஸ்ட்ரோவிடம் இருந்த பி-26க்கு முன்பக்கம் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக். மயாமியில் நின்றதற்கு முழு உலோக மூக்கு. குட்டு வெளிப்பட்டது.

இதை ‘நம்பத்தகு மறுப்பு’ வைத்து எழுதிப் பாருங்கள். ‘நம்பத்தகு மறுப்பை யாரும் நம்பவில்லை’ என்று வந்து நிற்கிறது, சிரிப்புதான் வருகிறது. ‘மறுப்பிடம் வைத்தார்கள், மூக்கில் கோட்டைவிட்டார்கள்’ என்றால் ஓடுகிறது.

> ‘பொறுப்புத் துறப்பு’?

அது டிஸ்கிளெய்மருக்குப் போய்விட்டது. மேலும் அது வெளிப்படையாக அச்சடித்துப் போடுவது. இது நேர் எதிர்.

> புகலிடம், இருப்பிடம் மாதிரி ‘மறுப்பிடம்’ என்றால் ஏதோ ஊர் என்று நினைக்க மாட்டார்களா? சாட்சிக் கூண்டா?

சாட்சிக் கூண்டு நல்ல அடி, அக்கா. யோசித்துப் பார்த்தேன், உங்கள் பக்கம்தான் நியாயம். வேற்றுமை உருபை விழுங்கியதுதான் என் தப்பு. ‘ஐயத்துக்கிடமின்றி’ என்று தீர்ப்புகளில் எழுதும்போது ‘கு’வை விடுவதில்லை, அதனால் யாருக்கும் ஊர் நினைவு வருவதில்லை. ஆகவே ‘மறுப்புக்கிடம்’ என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் நீளம், பரவாயில்லை.

கட்டுரையின் பிற்பகுதியில் இந்தச் சொல் இன்னும் தேவைப்படுகிறது. 1975இல் உளவு அமைப்புகளை விசாரித்த அமெரிக்க செனட்டின் குழு (தலைவர் ஃபிராங்க் சர்ச் பெயரால் ‘சர்ச் குழு’), 1960 முதல் 1965 வரை காஸ்ட்ரோவைக் கொல்ல சி.ஐ.ஏ. சம்பந்தப்பட்ட திட்டங்கள் குறைந்தது எட்டு என்று கண்டது. உத்தரவு அதிபரிடமிருந்து வந்ததா என்று மட்டும் அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காரணங்களில் ஒன்று, மேலிடத்தில் பேசிய பூசிமெழுகின பேச்சு. காஸ்ட்ரோவை ‘அகற்ற வேண்டும்’ என்றால் பதவியிலிருந்தா, உலகத்திலிருந்தா? நம்மூரில் ‘அவனைக் கொஞ்சம் கவனிச்சுக்கோ’ என்பதற்கு விருந்தும் அர்த்தம், அடியும் அர்த்தம். அதே சங்கதி.

இதில் குடும்பமும் சேர்ந்துகொள்கிறது. கியூபாவுக்கு எதிரான ‘மங்கூஸ்’ என்ற ரகசிய நடவடிக்கையை முடுக்கிவிட்டவர் அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி, பதவியோ அட்டர்னி ஜெனரல், அதாவது நீதித்துறை அமைச்சர். தம்பி சொன்னால் அண்ணன் சொன்னதாகக் கீழே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள்; தாளில் அண்ணன் பெயர் இருக்காது. அண்ணன் கொலையை விசாரித்த வாரன் குழுவிடம் இந்தக் கொலைத் திட்டங்களைச் சொல்லவே இல்லை. அந்தக் குழுவில் சி.ஐ.ஏ.வின் முன்னாள் தலைவர் ஆலன் டல்லஸே உட்கார்ந்திருந்தார்! இதைப் படித்தவன் குழுவின் அறிக்கையைச் சந்தேகப்பட்டால் அவனைப் பைத்தியம் என்று எப்படிச் சொல்வது? கொலை பற்றிய எல்லாக் கதையையும் நான் நம்புகிறேன் என்று இதற்கு அர்த்தமில்லை.

கடைசியாகப் பெயரடை. ‘சந்தேகத்துக்கு இடமான முறையில் நின்றுகொண்டிருந்தவர்’ என்று போலீஸ் செய்தியில் தினம் படிக்கிறோம். அதே அச்சில் ‘மறுப்புக்கிடமான விமானம்’, ‘மறுப்புக்கிடமான ஆள்’ வந்துவிடும். வினைக்கு ‘மறுப்புக்கிடம் வைத்தல்’.

ஞாயிறு இரவு சொற்பட்டியலில் ஏற்றிவிடுவேன். இதைவிடச் சின்னதாக யாருக்காவது தோன்றினால் அதற்குள் எழுதுங்கள்.