தீக்குப் பின் தளிர்க்கும் லாரல் காட்டுக்கு: 'மறுதாம்புச் சோலை'

ஐயா, வணக்கம்.

'ரீஜெனரேட்டிங் ஃபாரஸ்ட்' என்பதற்கு நீங்கள் தந்த 'மீளுருவாக்கக் காடு' எனக்கு நெருடுகிறது. உருவாக்கம் என்றதும் யாரோ நட்டு வளர்த்தது போலத் தோன்றுகிறது. ஸ்பெயினின் கேனரித் தீவுகளில், லா கொமேரா தீவின் கராஹோனாய் தேசியப் பூங்காவிலுள்ள லாரல் காட்டில் நடந்தது வேறு. 2012 ஆகஸ்டில் அங்கே பரவிய தீயில் பூங்காவின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எரிந்துபோனது. அப்புறம் கருகிய மரங்கள் பலவற்றின் அடிக்கட்டையிலிருந்து தளிர்கள் கிளம்பின. வேர் பழசு, தண்டு புதுசு. கரும்பில் இதைத்தானே மறுதாம்பு என்கிறோம்? 'மறுதாம்புச் சோலை' என்றே வைக்கலாம்.

சோலை என்பதையும் யோசித்தே சொல்கிறேன். நீலகிரி, பழனி மலைச் சோலைகளிலும் இலவங்கப்பட்டையின் குடும்பத்து மரங்கள் நிறைய உண்டு. லாரலும் அதே குடும்பம். இரண்டு இடத்திலும் மூடுபனி தரும் ஈரம் முக்கியம்.

வெட்டிய பயிருக்குத்தான் மறுதாம்பு பொருந்தும், எரிந்த மரத்துக்குப் பொருந்தாது என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். சரி, ஆனால் விறகுக்கும் கரிக்கும் வெட்டப்பட்டு மறுபடி தளிர்த்த காடுகளும் கேனரித் தீவுகளில் உண்டு. சொல் இரண்டுக்கும் நிற்கும். நாற்று வைத்த இடத்தை மட்டும் 'நடவுக்காடு' என்போம்.

இந்த வேறுபாடு பறவைகளுக்காகவே வேண்டும். பொல்லே புறா (Bolle's pigeon), வெள்ளைவால் லாரல் புறா இரண்டும் கேனரித் தீவுகளுக்கே உரிய ஓரிட வாழ்விகள். தில், வின்யாத்திகோ, லோரோ மரங்களின் பழங்கள் அவற்றுக்கு முக்கிய உணவு. ஓர் ஈட்டுக்கு ஒரே முட்டைதான். பொல்லே புறா மரத்தில் கூடு கட்டுகிறது. மற்றது பாறை விளிம்பிலும் தரையிலும். மனிதரோடு வந்த எலிகள் அந்த முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. மலை பச்சையாகிவிட்டது, காடு மீண்டுவிட்டது என்று அறிக்கை எழுதுவது எளிது. ஆளுயரத் தளிர் மறைவு தரும், பழம் தராது. அது காய்க்கும்வரை புறாவுக்குச் சோறு போடுவது எரியாத பழஞ்சோலைதான். அதைக் காப்பதும் எலியைக் கட்டுப்படுத்துவதும் முதல் வேலை. 'மீளுருவாக்கம்' என்ற சொல் வேலை முடிந்தது போலக் காட்டிவிடும் என்பதுதான் என் கவலை.

வனத்துறையில் வேலை பார்ப்பவர்களிடம் கட்டைத்தளிருக்கு வழக்கில் வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம்.