மணல் திட்டில் விட்டுவந்தவன் திருந்துவதை எப்படி எழுதுவது?

தங்கச்சிமடத்தான்:
விறுவிறுப்பான நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் பாம்பன் படகோட்டி. ஆள் கடத்தும் கும்பலுக்குக் கூலிக்கு ஓட்டுகிறவன். 2022இல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்தபோது தலைமன்னார்ப் பக்கமிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றி வருகிறான். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைவரை வராமல், இருட்டில் ஒரு மணல் திட்டில் இறக்கி, "இதுதான் தனுஷ்கோடி, நேராக நடந்தால் ரோடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறான். மீட்க ஆள் வருவதற்குள் பாட்டி இறந்துவிடுகிறாள். சில ஆண்டுகள் கழித்து அவனுக்கு மனம் உறுத்துகிறது. கடைசியில் ஒரு குழந்தையைக் காப்பாற்றப்போய்க் கடலில் சாகிறான். படித்த நண்பர்கள் முடிவு சப்பென்று இருக்கிறது என்கிறார்கள். உயிரோடு விட்டால் பதற்றத்துக்கு எங்கே போவது?

பாம்பன் பெரியவர்:
தம்பி, செத்துவிட்டால் கணக்கு தீர்ந்தது என்று யார் சொன்னது? உயிரோடு இருந்து பஸ்ஸில் போகட்டும். பாலம் தாண்டினால் மண்டபம். அங்கே மறுவாழ்வு முகாமில்தான் அந்தப் பாட்டியின் மகள் இருப்பாள். ராமநாதபுரம் போகும் ஒவ்வொரு தடவையும் அவள் அதே பஸ்ஸில் ஏறக்கூடும். இருட்டில் முகம் தெரிந்திருக்காது. குரல் தெரியும். அவன் டிக்கெட் கேட்கக்கூட வாய் திறக்க யோசிப்பான். இதைவிடவா பதற்றம் வேண்டும் உனக்கு?

இன்னொன்று, எந்த மாதம் என்று நீ எழுதவே இல்லை. வாடைக் காற்று அடிக்கும்போது வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளிக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடா) அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சானில் நேர்மாறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது ராத்திரியில் ஒற்றை என்ஜின் ஓடினாலே கரையில் எவனாவது எழுந்து உட்கார்ந்துவிடுவான். திட்டுகளில் குடிக்கத் தண்ணீர் கிடையாது, ஒதுங்க நிழல் கிடையாது, சுற்றிலும் ஆழமும் குறைவு. 2022 மார்ச்சில் அப்படி இறக்கிவிடப்பட்டவர்களைக் கடலோரக் காவல் படை ஹோவர்கிராப்டில் (தண்ணீரிலும் மணலிலும் காற்று மெத்தைமேல் ஓடும் ஊர்தி) போய்த்தான் மீட்டது.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: திரும்பும் வழியில் பலகைக்கு அடியில் ஏதோ உருள்கிறது. குனிந்து பார்த்தால் அவர்களுடைய தண்ணீர் கேன், மூடிகூடத் திறக்காமல். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கக் கால் மணி நேரம் ஆகும். அவன் போகவில்லை.

கோர்ட்டுக்காரி:
ஐயாவின் கேனை நான் விடமாட்டேன். போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. உங்கள் ஆள் மாஜிஸ்திரேட்டிடம் போகவேண்டும். அவர் முதலில் சொல்வதே, "நீ சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படலாம்" என்பதுதான். யோசிக்க அவகாசமும் கொடுப்பார். அந்த இடைவெளியில் கும்பல் சும்மா இருக்குமா?

தலைவனைக் காட்டிக்கொடுத்து அப்ரூவர் (அரசுத் தரப்புச் சாட்சியாக மாறும் குற்றவாளி) ஆனால் மன்னிப்பு உண்டு. ஆனால் ஏற்கெனவே ஜாமீனில் இல்லாவிட்டால் விசாரணை முடியும்வரை சிறையில்தான் இருக்கவேண்டும். தெரிந்ததை ஒன்றுவிடாமல் சொல்லவும் வேண்டும். வேண்டுமென்றே எதையாவது மறைத்தால் மன்னிப்பு பறிபோய், அதே குற்றத்துக்கு அவன்மீதே வழக்கு நடக்கலாம். தலைவன் பெயர், பணம் கைமாறிய இடம் எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பிக்கிறவன் கேனைப் பற்றி வாய் திறப்பானா? ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது இதில். (2024 ஜூலை 1க்குப் பிந்தைய கதை என்றால் அந்த மன்னிப்பு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 343ஆம் பிரிவு. பழைய சட்டத்தின் 306ஐ எழுதிவைக்காதீர்கள், எங்களைப் போன்றவர்கள் சிரிப்போம்.)

உச்சிப்புளி வாசகி:
எனக்கு உங்கள் நாயகன்மீது பெரிய பரிவு வரவில்லை. அவன் திருந்துவதற்காக ஒரு கிழவி சாகவேண்டுமா? முதலில் அந்தப் பாட்டிக்கு ஒரு பெயர் வையுங்கள். மகள் கோர்ட்டுக்கு வரட்டும், சாட்சி சொல்லிவிட்டுப் போகட்டும். அவனை மன்னிக்க அல்ல.

தங்கச்சிமடத்தான்:
குழந்தையைக் காப்பாற்றும் அத்தியாயத்தைத் தூக்கிவிட்டேன். கதை கார்த்திகையில் நடக்கிறது. பெரியவரே, அந்த மாதம் திட்டின் வடக்குப் பக்கம் பைபர் படகை ஒட்டி நிறுத்த முடியுமா?

பாம்பன் பெரியவர்:
வாடையில் அங்கே அலை தூக்கி அடிக்கும். தெற்கே சுற்றி வரச் சொல். எண்ணெய் கூடுதலாகச் செலவாகும். கும்பல்காரன் அதையும் அவன் கூலியில்தான் பிடிப்பான்.