கலோரிக்கில் வலது காது 28% குறைவு, வி.எச்.ஐ.ரி.யில் இடது கெயின் 1.25: எதை நம்புறது?

முறிகண்டியான்:
வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிளினிக்கில வி.என்.ஜி. (தலைச்சுத்துக்குக் கண் அசைவைக் கமெராவால பதியிற சோதனை) செய்யிறம். விசுவமடுவில தோட்டம் செய்யிற ஐயா ஒராள், வயசு 56. படுக்கையில வலப்பக்கம் திரும்பினா தலை சுத்துது, அரை நிமிசத்தில நிக்குது எண்டுறார். காது கேக்கிறதில குறை இல்லை. இடது செவிப்பறையில பழைய ஷெல் அதிர்ச்சியில வந்த ஓட்டை இருக்கு, ஒழுகல் இல்லை. ஓட்டை இருக்கிறதால தண்ணி விடாமல் காற்றாலதான் கலோரிக் (காதைச் சூடாக்கியும் குளிராக்கியும் கண் துடிப்பைப் பாக்கிற சோதனை) செய்தது.

கண் துடிச்ச வேகம், செக்கனுக்குப் பாகையில: வலது சூடு 8, வலது குளிர் 18, இடது சூடு 22, இடது குளிர் 24. மெசின் “வலது 28% பலவீனம்” எண்டு அடிச்சுத் தருது. வி.எச்.ஐ.ரி.யில (தலையைச் சட்டெண்டு அசைச்சுக் கண் அசைவை அளக்கிற சோதனை) வலது கெயின் (தலை வேகத்துக்குக் கண் வேகம் எத்தனை மடங்கு எண்டது) 0.95, இடது 1.25. கழுத்தில ஷெல் துண்டு ஒண்டு கிடக்கிறதால டிக்ஸ்-ஹால்பைக் (தலையைப் பின்னுக்குத் தொங்கவிட்டுப் படுக்க வைக்கிற சோதனை) செய்யேல்லை. தலைச்சுத்துக்குச் சின்னரிசின் குளிசை எடுக்கிறார். வலது காதில வருத்தம் எண்டு எழுதலாமோ?

செவிநரம்பு:
எழுதாதீங்கோ தம்பி. அந்த நாலு எண்ணையும் ஒருக்கா வரிசையா வைச்சுப் பாருங்கோ. வலது 8+18=26, இடது 22+24=46. வித்தியாசம் 20, மொத்தம் 72. மெசின் 28% தந்தது இப்படித்தான். பொதுவாக 25%ஐத் தாண்டினால் பலவீனம் என்பார்கள். ஆனால் வலது குளிர் 18 வந்த காதுக்கு வலது சூடு 8 மட்டும் ஏன்? காது உண்மையிலேயே சோர்ந்திருந்தால் சூடு, குளிர் இரண்டும் சேர்ந்து இறங்க வேண்டும். ஒன்று மட்டும் விழுந்தால் அந்த ஒரு தடவை காற்று சரியாகப் போகவில்லை. காதுக் குறும்பி அடைத்திருக்கும், குழாய் முனை காதுச் சுவரைப் பார்த்திருக்கும், அல்லது ஐயா கண்ணயர்ந்திருப்பார். அந்த 8 இருக்கிற இடத்தில் 20 வந்திருந்தால் வித்தியாசம் 10%க்குள் போயிருக்கும். வலது சூட்டை மட்டும் திரும்பச் செய்யுங்கோ: 50 பாகை, 60 செக்கன், நிமிடத்துக்கு 8 லீற்றர். முந்தினது தொடங்கி 7 நிமிடமாவது போகட்டும்.

இன்னொன்று. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் காற்று நேரே உள்ளே போய் உட்காதுச் சுவரில் படும், அந்தப் பக்கம் மிகையாகத் துடிக்கும். அப்போது நல்ல காது நோஞ்சானாகத் தெரியும். எனவே இந்த ஐயாவுக்கு இடது வலது ஒப்பீட்டுக்கே அர்த்தமில்லை. கலோரிக்கில் இரண்டு காதும் வேலை செய்கிறது, அவ்வளவுதான் எழுதலாம். ஒழுகல் உள்ள காது என்றால் நிலைமை இன்னும் மோசம். ஈரம் ஆவியாகிக் குளிரும், சூட்டுக் காற்று விட்டாலும் கண் எதிர்ப்பக்கம் அடிக்கும்.

கண்ணயர விடாமல் இருக்க ஏதாவது கேட்டுக்கொண்டே இருங்கோ. கணக்கு ஓடாத ஆட்களிடம் ஏ9 வீதி ஊர்ப் பெயர்களைக் கேட்கலாம்: வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு. பஸ்ஸில் போய்வருகிற யாரும் திக்குத்திணறாமல் சொல்லுவினம்.

கமெராக்காரன்:
இடது 1.25க்கு நான் சொல்லுறன். தலை அசையும் வேகத்தை விடக் கண் கூடுதலாக அசைய வேண்டிய தேவை இல்லை. கமெராக் கண்ணாடி வழுக்கியிருக்கு, அல்லது கலிபிரேசன் (தொடக்க அளவு சரிபார்ப்பு) பிழை. பட்டியை இறுக்குங்கோ. கையைப் பட்டியில் வைக்காமல் தாடையிலோ உச்சந்தலையிலோ பிடியுங்கோ. பட்டி கையோடு அசைந்தால் கண்ணாடியும் அசையும். பார்க்கிற புள்ளி குறைந்தது 1 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். அறையில் வெளிச்சம் இருக்கட்டும், கண்மணி சுருங்கினால் கமெரா நன்றாகப் பிடிக்கும். கண்மையைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் மையையே கருமணி என்று பிடித்துக்கொள்ளும். அசைவு 10 முதல் 20 பாகை, வேகம் செக்கனுக்கு 150 முதல் 200 பாகை, எந்தப் பக்கம் என்று ஆளுக்குத் தெரியக்கூடாது. இந்த ஐயாவின் கழுத்து எக்ஸ்ரேயை டொக்டர் பார்த்துச் சரி சொல்லாமல் தலையைச் சட்டென்று அசைக்கவே வேண்டாம்.

செவிநரம்பு:
கமெராக்காரன் சொன்னது சரி. ஆனால் உண்மையான கேள்வி கலோரிக்கும் இல்லை, வி.எச்.ஐ.ரி.யும் இல்லை. திரும்பினால் சுற்று, அரை நிமிடம், காது கேட்பதில் குறையில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது உட்காதின் பின் அரைவட்டக் குழாய்க்குள் சின்னச் சுண்ணக் கல் இடம்மாறி வந்ததா என்பதைத்தான். அதைப் பார்க்காமல் கலோரிக்குக்குப் போயிருக்கிறீங்கள்.

கழுத்தைப் பின்னுக்குத் தொங்கவிட ஏலாவிட்டால் பக்கம் சாய்க்கிற முறை இருக்கு. கட்டில் ஓரத்தில் நடுவில் இருத்தி, முகத்தை இடப்பக்கம் 45 பாகை திருப்பி, உடம்போடு வலப்பக்கம் படுக்க வையுங்கோ. கழுத்து பின்னுக்கு வளையாது. கண்ணாடி போட்டு இருட்டில் 30 செக்கனாவது பாருங்கோ. கண் துடிப்பு சில செக்கன் கழித்துத் தொடங்கி, மேல்நோக்கியும் கீழே கிடக்கிற காதுப் பக்கம் சுழன்றும் அடித்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் விடை கிடைத்துவிட்டது. சாதாரண கோட்டுப் படத்தில் அந்தச் சுழற்சி விழாது, வீடியோவைத்தான் பார்க்க வேண்டும். காட்டினால் அதே நிலையில் ஒரு நிமிடம் வைத்து, முகத்தின் திருப்பத்தை மாற்றாமல் ஒரே வீச்சில் இடப்பக்கம் புரட்டுங்கோ. மூக்கு மெத்தையைப் பார்க்கும். அங்கும் ஒரு நிமிடம், பிறகு மெதுவாக எழுப்புங்கோ. செமோன் முறை இதுதான். ஆறுதலாகப் புரட்டினால் கல் நகராது.

குளத்தடி நேர்ஸ்:
கீழ்நோக்கி அடிக்கிற நிஸ்டாக்மஸ் (கண் துடிப்பு) படுத்த நிலையில் நிற்காமல் ஓடினால் கல் என்று புரட்டிக்கொண்டு இருக்காதீங்கோ, டொக்டரிடம் காட்டுங்கோ. விடாமல் மணிக்கணக்காகச் சுற்றி, நடக்க ஏலாமல் ஆள் வந்தால் வி.என்.ஜி. வரிசையில் இருத்தவே கூடாது. அந்த நிலையில் தலைத்தட்டுப் பரிசோதனை (வி.எச்.ஐ.ரி. மாதிரித் தலையைச் சட்டென்று அசைத்துப் பார்ப்பது) இயல்பாக வந்தால் அதுதான் பயம், சிறுமூளைப் பக்கவாதமாக இருக்கலாம். சி.ரி. ஸ்கான் தெளிவாக இருந்தாலும் ஆரம்பத்தில் அது விலக்காது. எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பும்போது உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறதை அனுப்புற கடிதத்திலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கோ. எங்கட ஆட்கள் அதைச் சொல்ல மறந்துவிடுவினம்.

முறிகண்டியான்:
நன்றி. சின்னரிசினை எப்ப நிப்பாட்டுறது? விடிய முதல் பஸ்ஸில வெறும் வயித்தோட வாறவை, அதுக்கும் ஏதும் சொல்லலாமோ?

செவிநரம்பு:
48 மணி நேரம் முதல், எழுதித் தந்த டொக்டரிடம் கேட்டுவிட்டு. பிரஷர், சீனி, வலிப்புக் குளிசைகளில் கைவைக்க வேண்டாம். ரண்டு மணித்தியாலம் முதல் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு வரட்டும், சீனி வருத்தக்காரருக்கு வெறும் வயிறு ஆபத்து. கூட ஒராளும் வர வேண்டும், கலோரிக் முடிந்து மோட்டார் சைக்கிள் ஓடிப் போக ஏலாது.