நேரம் கூடியிருக்கு, மெற் குறைஞ்சிருக்கு: ரெண்டு ஈ.ரி.ரி அறிக்கையை எப்பிடி ஒப்பிடுறது?

பிசியோ_கிளிநொச்சி:
இரணைமடுப் பக்கத்துக் கமக்காரர், வயது 58, இதயக் குழாயில ஸ்ரென்ற் வைச்சவர், பைசோப்ரொலோல் (துடிப்பைக் குறைக்கிற மாத்திரை) எடுக்கிறார். முதல் ஈ.ரி.ரி (ஓடுபெல்ற்றில நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கிற பரிசோதனை) புரூஸ் முறையில, அதாவது 3 நிமிடத்துக்கு ஒரு கட்டமா வேகமும் ஏற்றமும் கூட்டுற முறையில: 6 நிமிடம் 20 செக்கன், 10.1 மெற் (சும்மா இருக்கேக்க எடுக்கிற ஒட்சிசனைப் போல எத்தனை மடங்கு எண்ட அளவு), உச்சத் துடிப்பு 112. மூண்டு மாதப் பயிற்சிக்குப் பிறகு மாற்றிய புரூஸில: 11 நிமிடம் 40 செக்கன், 7 மெற், துடிப்பு 108. நேரம் இரட்டிச்சிட்டுது எண்டு வீட்டுக்காரருக்குச் சந்தோசம். பத்து ஏழாப் போச்சே எண்டு அவருக்கு யோசனை. காலபோகத்துக்கு வயலில இறங்கலாமோ எண்டு கேட்கிறார். கூடினதா, குறைஞ்சதா?

ஈசிஜி_வவுனியா:
மாற்றிய புரூஸில முதல் 6 நிமிடம் மேலதிகம்: மணிக்கு 2.7 கி.மீ. வேகம், ஏற்றம் முதலில 0, பிறகு 5 வீதம். அதைக் கழிச்சா 11:40 எண்டது சாதாரண புரூஸில 5:40. ரெண்டாம் கட்டம் (4 கி.மீ., 12 வீதம்) முடிய 20 செக்கன் கிடக்கேக்க நிப்பாட்டியிருக்கு. 7 மெற் சரி.

பிழை 10.1 இல. மூண்டாம் கட்டத்தில (5.5 கி.மீ., 14 வீதம்) அவர் நிண்டது 20 செக்கன். பெல்ற் வேகம் மாறின கையோட சில மெசின் அடுத்த கட்டத்தின்ர முழுப் பெறுமதியையும் அச்சடிச்சுப் போடும். உடம்பு அந்த அளவுக்கு ஒட்சிசன் எடுக்க ரெண்டு மூண்டு நிமிடம் வேணும், இதய நோயாளிக்கு இன்னும் சுணங்கும். அப்ப முதல் தரமும் ஏழுக்குக் கிட்டத்தான்.

மெசின் ஒட்சிசனை அளக்கிறேல்லை, கணக்குத்தான் போடுது: 0.1 × வேகம் + 1.8 × வேகம் × ஏற்றம் + 3.5. வேகம் நிமிடத்துக்கு மீற்றரில. ரெண்டாம் கட்டத்தின்ர 67 மீற்றரும் 0.12 உம் போட்டா கிலோ நிறைக்கு நிமிடத்துக்கு 24.7 மி.லி. ஒட்சிசன் வரும், ஒரு மெற்றுக்கான 3.5 ஆல வகுத்தா 7. கைபிடியைப் பிடிச்சவரோ? பிடிச்சா உடம்புக்கு வேலை குறையும், அச்சில வாற இலக்கம் குறையாது.

பிசியோ_கிளிநொச்சி:
முதல் தரம் இறுக்கிப் பிடிச்சவர் எண்டு குறிப்பிருக்கு. இந்தமுறை பிடிக்கேல்லை. ரெண்டு முறையிலயும் வாற 2.7 கி.மீ., 10 வீதக் கட்ட முடிவில துடிப்பு அப்ப 98, இப்ப 88. மாத்திரை அதே அளவு.

இதயப்பிரிவு_யாழ்ப்பாணம்:
அப்ப கூடித்தான் இருக்கு. பிடிக்காமல் நடந்தா துடிப்பு ஏற வேணும், இவருக்கு 10 குறைஞ்சிருக்கு. ஒரே வேலைக்குத் துடிப்பும் பிரஷரும் இறங்கிறதை நான் மெற்றை விடக் கூட நம்புவன்.

220 இல வயதைக் கழிச்சு 85 வீதம், அதாவது 138, வரேல்லை எண்டு கவலைப்படாதேங்கோ. பைசோப்ரொலோலோட அந்த இலக்குப் பொருந்தாது. எவ்வளவு கஷ்டமா இருக்கெண்டு 6 முதல் 20 வரை இலக்கத்தால சொல்லுற போர்க் அட்டையைக் காட்டிக் கேளுங்கோ; 17 சொன்னா முழு முயற்சிக்குக் கிட்ட. அடுத்த தரமும் அதே முறை, மாத்திரை குடிச்சு அதேயளவு நேரத்துக்குப் பிறகு. இடையில துடிப்பு குறையுது எண்டு யாரும் மாத்திரையை நிப்பாட்ட விடாதேங்கோ, அது வைத்தியர் சொல்ல வேண்டியது.

முயற்சி கூடக்கூட மேல் பிரஷர் ஏறாமல் 10க்கு மேல விழுந்து, நெஞ்சுநோவோ ஈசிஜி மாற்றமோ சேர்ந்தா உடனே நிப்பாட்டுறது. மெற் கணக்கெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

ரெக்னீசியன்_முல்லைத்தீவு:
பெல்ற்றையும் ஒருக்காப் பாருங்கோ. விளிம்பில ரேப் துண்டு ஒட்டி, பெல்ற் நீளத்தை அளந்து, ஆள் மேல நடக்கேக்க 20 சுற்றுக்கு நேரம் பிடியுங்கோ. 3 மீற்றர் பெல்ற் 20 சுற்றை 80 செக்கனில முடிச்சா நிமிடத்துக்கு 45 மீற்றர், 2.7 கி.மீ. சரி. பாரமான ஆள் ஏறினவுடன தளர்ந்த பெல்ற் வழுக்கி வேகம் குறையும், திரையில இலக்கம் அப்பிடியே நிக்கும். ஏற்றத்துக்கு மட்டப்பலகை: 10 வீதமெண்டா கிடையா ஒரு மீற்றருக்கு 10 செ.மீ. உயரம்.

சாரமும் செருப்பும் வேண்டாம், காற்சட்டையும் சப்பாத்தும் போடச் சொல்லுங்கோ. சித்திரை வைகாசி வெக்கையில எலெக்ற்ரோட் கழரும்; மயிர் வழிச்சு, ஸ்பிரிற்றால துடைச்சு, காய்ஞ்ச பிறகு ஒட்டுங்கோ. ஈசிஜிக் கோடு ஆடினா எஸ்.ரி பள்ளம் (இதயத்துக்கு இரத்தம் போதாததைக் காட்டுற இறக்கம்) எது, கோடு ஆடினதால வந்த தொய்வு எது எண்டு தெரியாது.

இதயப்பிரிவு_யாழ்ப்பாணம்:
வயல் கேள்விக்கு: நாள் முழுக்கச் செய்யிற வேலை சராசரியா உச்சத்தின்ர 40 வீதத்துக்குள்ள நிக்க வேணும். ஏழில அது 2.8 மெற். வரம்பில நடந்து தண்ணி பார்க்கிறது, ஆறுதலாச் சைக்கிள் ஓடுறது (கிட்டத்தட்ட 4) இடைக்கிடை சரி. மண்வெட்டியால வரம்பு வெட்டுறது அவற்ற உச்சத்துக்கே கிட்டப் போகும், மத்தியான வெயிலில துடிப்பு இன்னும் கூடும். 50 கிலோ யூரியா மூட்டை வேற கதை: மூச்சை அடக்கித் தூக்கேக்க பிரஷர் ஏறுற அளவை நடக்கிற பரிசோதனை காட்டாது. மூட்டையை ஆரும் பொடியன்மார் தூக்கட்டும்.