மறு: வேபாயிண்ட் தரவுத்தளம் – ‘அவசர இறங்குதளம்’ வேண்டாம்

வணக்கம் நண்பர்களே,

கிளைடர் விமானிகளுக்கான நம் பொதுத் தரவுத்தளத்துக்கு முன்மொழிந்திருக்கும் தமிழ்ச்சொற்களைப் பற்றி எழுதுகிறேன். பட்டியலில் இருப்பவை இவை:

> வேபாயிண்ட் – வழிப்புள்ளி
> டர்ன்பாயிண்ட் – திருப்புமுனை
> அவுட்லேண்டிங் ஃபீல்டு – அவசர இறங்குதளம்

பறக்கும் பாதைக்காகக் குறித்துவைக்கும் இடம்தான் வழிப்புள்ளி. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ‘வழிக்குறி’ என்றும் ஒருவர் கேட்டிருந்தார். குறி என்றால் தரையில் கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் ஏதாவது இருக்க வேண்டும். வழிப்புள்ளிக்கு அது கட்டாயமில்லை. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருந்தால் போதும்.

திருப்புமுனை நல்ல சொல்தான், ஆனால் கதைக்கும் அரசியலுக்கும் எப்போதோ போய்விட்டது. ‘போட்டியின் மூன்றாவது திருப்புமுனை’ என்று படித்தால், அங்கே என்ன நடந்ததோ என்றுதான் மனம் ஓடும். விமானி செய்வது எளிய காரியம்: அந்த இடத்தைத் தொட்டுவிட்டு அடுத்த திசைக்குத் திரும்புகிறார். எஃப்ஏஐ (பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பு) விதிகள் அனுமதிக்கும் வழிகளில் ஒன்று, புள்ளியைச் சுற்றி 500 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் நுழைந்து வருவது. ஆகவே ‘திரும்புபுள்ளி’ என்கிறேன். இது வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது, வழிப்புள்ளியில் மிகும். கோப்பில் இரண்டு விதமாகவும் எழுதி வைத்தால் தேடும்போது பாதி கிடைக்காது.

மூன்றாவதுதான், அதாவது விமானநிலையத்தை எட்ட முடியாதபோது கிளைடர் இறங்கும் வெளியிடத்தின் பெயர்தான், எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. ‘அவசர இறங்குதளம்’ என்பதில் இரண்டு பாதியுமே தவறு.

முதலில் ‘அவசர’. எஞ்சின் இல்லாத கிளைடர் நெடுந்தூரம் பறக்கையில் ஏறுகாற்று கிடைக்காமல் போவது வழக்கமான சங்கதி. வயலிலோ புல்வெளியிலோ இறங்குவதும் பயிற்சியின் ஒரு பகுதி. அதற்கு அவசரம் என்று பெயர் வைத்தால், கடைசி நொடிவரை அதைத் தள்ளிப்போடத்தான் மனம் பழகும். உயரம் கையில் இருக்கும்போதே இடத்தைத் தேர்ந்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதற்கு இது நேர் எதிர்.

அடுத்து ‘தளம்’. விமானத்தளம், ஏவுதளம் என்றெல்லாம் கேட்டுப் பழகிய காதுக்கு, யாரோ கட்டி, சமன்செய்து, பராமரிக்கிற இடம் என்றுதான் படும். நம் தரவுத்தளத்தில் இருப்பது அப்படியா? போன கோடையில் ஒருவர் பார்த்தபோது அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடந்த நிலம். இப்போது அங்கே ஆளுயரப் பயிர் நிற்கலாம், குறுக்கே புதிதாக மின்கம்பி போயிருக்கலாம். வழிப்புள்ளிகளைப் பதிய நாம் பயன்படுத்தும் கப் (CUP) கோப்பு வடிவத்தில் வகை எண் 3 என்றால் இப்படிப்பட்ட இடம். 2 புல்தரை விமானநிலையம், 5 கெட்டித்தரை விமானநிலையம். கோப்பே பிரித்துக் காட்டுவதைத் தமிழ்ச்சொல் சேர்த்துக் குழப்பக் கூடாது.

என் பரிந்துரை ‘இறங்குவெளி’. புல்வெளி, வயல்வெளி, மணல்வெளி எல்லாம் இதில் அடங்கும். இங்கே இறங்க இடமிருக்கிறது என்பதற்கு மேல் இந்தச் சொல் எந்த வாக்குறுதியும் தராது. ‘இறங்குவயல்’ என்றும் யோசித்துப் பார்த்தேன், ஆனால் வற்றிய ஏரிப்படுகையை வயல் என்று சொல்ல முடியாதே. இறங்கும் செயலை ‘வெளியிறக்கம்’ எனலாம்.

இதோடு ‘சரிபார்த்த நாள்’ என்ற சொல்லையும் பட்டியலில் சேருங்கள். கப் வடிவத்தில் இதற்குத் தனி நெடுவரிசை கிடையாது, விவரக் குறிப்பில்தான் எழுத வேண்டும். ஆளாளுக்கு ‘பார்த்தது’, ‘உறுதி’, ‘புதுப்பித்தது’ என்று எழுதினால், பழைய பதிவுகளை வடிகட்டி மறுபடி பார்க்க ஆள் அனுப்பவே முடியாது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொதுத் தரவுக்கு இது உயிர்நாடி.

அப்புறம் ஒரு சின்னச் சொல். ‘உயரம்’ என்று மட்டும் போடாமல் ‘தரையுயரம்’ (கடல்மட்டத்திலிருந்து அந்த இடத்துத் தரையின் உயரம்) என்று போடுவோம், அலகோடு. 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் இடத்தை யாராவது 300 அடி என்று பதிந்தால், விமானத்தில் உள்ள வழிகாட்டும் கருவி அதை ஏறத்தாழ 91 மீட்டராக எடுத்துக்கொள்ளும். மிச்சம் 209 மீட்டர் கணக்கில் மட்டுமே இருக்கும். சறுக்கு விகிதம் 40 உள்ள, அதாவது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்னேறும் கிளைடருக்கு அது 8 கிலோமீட்டருக்கும் மேல். சேர்ந்துவிடலாம் என்று நம்பி வருகிறவர் அவ்வளவு தூரம் முன்னாலேயே தரையைத் தொட்டுவிடுவார்.

திரும்புபுள்ளியை விட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் மாற்றிக்கொள்ள எனக்குத் தடையில்லை. ‘அவசர இறங்குதளம்’ மட்டும் அடுத்த வெளியீட்டுக்குள் போக வேண்டாம். மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள், பேசுவோம்.

அன்புடன்