ஜிம் கம்மின்ஸின் ஆய்வுகளை எம்.எட். ஆய்வேட்டில் எப்படிக் கையாள்வது? (சித்தூர் தாலுகா, தமிழ்வழி)

வேலந்தாவளம்_எம்எட்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழியில் 7ஆம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளின் தமிழ் வாசிப்புத் திறனுக்கும் மலையாள வாசிப்புத் திறனுக்கும் உள்ள தொடர்பு, இதுதான் ஆய்வுத் தலைப்பு. கோட்பாட்டுக்கு இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸை எடுத்திருக்கிறேன். அன்றாடப் பேச்சுத் திறனை பிக்ஸ் என்றும், பாடத்துக்கு வேண்டிய மொழித்திறனை கால்ப் என்றும் அவர் பிரித்ததை வைத்து இரண்டாம் இயலை எழுதிக் கொடுத்தேன். நெறியாளர் ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தது இது: "மூலக் கட்டுரையைப் படித்து எழுதியதா, பி.எட். கைடைப் பார்த்து எழுதியதா? பெரும் தாக்கம் என்கிறீர்கள், சான்று எங்கே? இவரை மறுத்தவர் ஒருவர்கூட இல்லையா?"

எதை முதலில் படிப்பது, தாக்கத்தை எப்படிக் காட்டுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான்கு பள்ளிகளில் சுமார் 100 பிள்ளைகளைப் பார்ப்பதாகத் திட்டம்.

எருத்தேம்பதி மாஷ்

முதல் கோளாறு கோட்பாட்டைத் தேர்ந்தெடுத்த இடத்திலேயே இருக்கிறது. நீங்கள் பார்க்கப்போவது இரண்டு மொழிகளின் வாசிப்புக்கு இடையே உள்ள உறவு. அதற்கு அடிப்படை பிக்ஸ், கால்ப் பாகுபாடு அல்ல. மொழிகள் ஒன்றையொன்று சார்ந்து வளர்கின்றன என்று அவர் வைத்த சார்புக் கருதுகோள்தான் அடிப்படை. இரண்டையும் 1979இலேயே எழுதினார். கைடு எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிடுகிறார்கள்.

பிக்ஸ், கால்ப் என்ற பெயர்கள் வருவது 'வொர்க்கிங் பேப்பர்ஸ் ஆன் பைலிங்குவலிசம்' 19ஆம் எண்ணில். உங்களுக்கு வேண்டியது அதே ஆண்டு 'ரிவ்யூ ஆஃப் எஜுகேஷனல் ரிசர்ச்' 49ஆம் தொகுதியில் 222 முதல் 251 வரை உள்ள கட்டுரை. அதை முதலில் வரிவரியாகப் படியுங்கள். பிறகு 1981இல் கலிபோர்னியா மாநிலக் கல்வித்துறை வெளியிட்ட தொகுப்பில் அவர் எழுதிய கட்டுரை. சார்புக் கருதுகோளின் தெளிவான வடிவம் அங்கேதான் இருக்கிறது. ஒரு மொழியில் கற்பித்தல் பலன் தந்து அதில் திறன் வளர்ந்தால், அத்திறன் இன்னொரு மொழிக்கும் கைமாறும். ஆனால் அந்த இரண்டாவது மொழி பள்ளியிலோ சுற்றுப்புறத்திலோ போதுமான அளவு காதில் விழ வேண்டும், அதைக் கற்கும் விருப்பமும் இருக்க வேண்டும். பத்தில் ஒன்பது ஆய்வேடுகளில் இந்த "ஆனால்" காணாமல் போய்விடுகிறது. உங்களுக்கோ அதுதான் உயிர்நாடி. கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலும் கடையிலும் தமிழே பேசும் பிள்ளையும், சித்தூர் டவுனுக்குள் மலையாளப் பிள்ளைகளோடு விளையாடும் பிள்ளையும் ஒன்றல்ல. பள்ளியில் மலையாளம் எந்த வகுப்பிலிருந்து பாடமாக இருக்கிறது, வாரத்துக்கு எத்தனை பீரியட், வீட்டில் எந்த மொழி டி.வி., அண்டை வீட்டில் எந்தப் பேச்சு என்று ஒரு பக்க வினாத்தாள் கட்டாயம் வையுங்கள்.

அதே 1981இல் 'அப்ளைட் லிங்குவிஸ்டிக்ஸ்' இதழில் வந்த கட்டுரை, டொரொண்டோ பள்ளி வாரியம் 5, 7, 9 வகுப்புகளில் சேர்த்த தரவை மறுபடி அலசியது. பேச்சு வழக்கு இரண்டு ஆண்டு அளவில் கைவரும், பாடத்துக்கான ஆங்கிலத்தில் வகுப்புச் சராசரியைத் தொட 5 முதல் 7 ஆண்டு ஆகும் என்ற பிரபல எண்ணின் பிறப்பிடம் இதுதான். கனடாவுக்குக் குடியேறிய பிள்ளைகளின் கணக்கு அது. பிறந்தது முதல் மலையாளம் காதில் விழும் எல்லைப் பிள்ளைக்கு அந்த எண்ணை அப்படியே ஒட்டாதீர்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் அடி அங்கேதான் விழும்.

1984இல் வந்த அவர் நூல் சிறப்புக் கல்வி பற்றியது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளைகளை உளவியல் சோதனைக்கு அனுப்பிய 400க்கும் மேற்பட்ட கோப்புகளை அதில் பார்க்கிறார். சரளமாகப் பேசுகிறது, ஆகவே மொழிக் குறை இல்லை, ஆகவே மூளைக் குறை என்று பள்ளிகள் எப்படி முடிவு கட்டின என்பதை அந்தக் கோப்புகள் காட்டுகின்றன. பிக்ஸ், கால்ப் பாகுபாட்டால் விளைந்த நேரடிப் பயன் இது. உங்கள் இயலில் இதற்கு ஒரு பத்தி போதும். பிறந்த ஊர், பட்டம், பதவி என்று மூன்று பக்கம் எழுதியிருந்தால் வெட்டுங்கள். அயர்லாந்துக்காரர், 1974இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி., பிறகு டொரொண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர், அவ்வளவுதான்.

பீருமேடு_தமிழ்

மாஷ் விட்டதை நான் சொல்கிறேன். மறுத்தவர்கள் இல்லாமலா?

1983இல் எடெல்ஸ்கியும் கூட்டாளிகளும், கால்ப் என்று நீங்கள் அளப்பது பரீட்சை எழுதும் சாமர்த்தியத்தைத்தான் என்றார்கள். 1986இல் மார்ட்டின்-ஜோன்ஸும் ரொமெய்னும் 'அரைமொழியர்' என்ற கருத்தையே பிடித்து உலுக்கினார்கள். எந்த மொழியும் முழுசாக வராத பிள்ளை என்று ஒன்று கிடையாது என்பது அவர்கள் வாதம். பின்னாளில் மெக்ஸ்வான், எழுத்தறிவையும் மொழித்திறனையும் ஒன்றாக்கிவிட்டால் பள்ளிக்குப் போகாதவரின் தாய்மொழியே குறையுள்ளது என்று ஆகிவிடும் என்று எழுதினார். கம்மின்ஸ் இவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார், சிலதை மாற்றியும் கொண்டார். இரு மொழியிலும் ஒரு குறைந்தபட்சத் தேர்ச்சி வந்தால்தான் இருமொழியால் பயன் என்ற வாசல்நிலைக் கருதுகோளை 2000இல் வந்த நூலில் வெறும் ஊகம் என்ற அளவுக்கு இறக்கி வைத்து, சார்புக் கருதுகோளைத்தான் முன்னிறுத்துகிறார். 2021 நூலில் மெக்ஸ்வானோடும் ஓஃபீலியா கார்சியா தரப்போடும் கம்மின்ஸ் நேராகவே மோதுகிறார். இந்த வாக்குவாதத்தை எழுதினால் உங்கள் இரண்டாம் இயலுக்கு முதுகெலும்பு வந்துவிடும்.

நம்ம பக்கம் இன்னொரு முடிச்சு இருக்கிறது. தமிழில் பேச்சு வேறு, பாடநூல் தமிழ் வேறு. அதனால் தாய்மொழிக்குள்ளேயே பேச்சுத் திறன், பாடத்திறன் என்ற இடைவெளி இருக்கிறது. எஸ்டேட் லயத்தில் வளரும் பிள்ளைக்கு "வீட்டு மொழி தமிழ்" என்று டிக் போட்டுவிட்டால், பாடநூல் தமிழ் தெரியும் என்று ஆகாது. இந்த ஒன்றை ஆய்வேட்டில் சரியாகச் சொன்னாலே உங்கள் பங்களிப்பு என்று காட்டலாம், கனடா ஆங்கிலத்தில் இவ்வளவு பெரிய இடைவெளி கிடையாது. அஜித் மொகந்தி ஒடிசாவில் கந்த பழங்குடியினரிடம் செய்ததையும் படியுங்கள். அவர்களின் குயி மொழியும் ஒடியாவும் பேசுகிறவர்களை, அதே சமூகத்தில் ஒடியா மட்டும் பேசுகிறவர்களோடு ஒப்பிட்டார். குடியேறியவர் கதையல்ல, ஊரே இருமொழி. நமக்கு டொரொண்டோவைவிட அதுதான் கிட்டம்.

குப்பம்_வாசகி

தாக்கம் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒருவரை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற கூகுள் ஸ்காலர் எண்ணை எடுத்து ஒரு வரியில் போட்டுவிட்டால் நெறியாளர் மறுபடி திருப்புவார். ஸ்காலரும், ஸ்கோபஸ் என்ற இன்னொரு மேற்கோள் தளமும் ஒரே ஆளுக்கு வேறு வேறு எண் தரும். 1979இன் வொர்க்கிங் பேப்பர், மாநிலக் கல்வித்துறைத் தொகுப்பு, நூல்கள் போன்றவை ஸ்கோபஸில் சரியாக ஏறியிருக்காது. கம்மின்ஸின் செல்வாக்கில் பெரும் பகுதி இந்த மாதிரி வெளியீடுகளில்தான். அங்கே மட்டும் பார்த்தால் ஆளே சிறுத்துத் தெரிவார். ஸ்காலரில் நேர் எதிர்ப் பிரச்சினை: ஒரே கட்டுரை நான்கைந்து பதிவாக உடைந்து கிடக்கும், 'ஜே. கம்மின்ஸ்' என்ற பெயரில் வேறு துறைக்காரரும் கலந்துவிடுவார்கள். எந்தத் தளம், எந்தத் தேதி, எந்தத் தேடுசொல் என்று எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். எச்-இண்டெக்ஸை (மேற்கோள் எண்ணிக்கையிலிருந்து போடும் மதிப்பெண்) மருத்துவக்காரரோடு ஒப்பிடாதீர்கள், துறைக்குத் துறை மேற்கோள் பழக்கம் வேறு.

எண்ணைவிடப் பயனுள்ள வேலை ஒன்று உண்டு. 1979 கட்டுரையை மேற்கோள் காட்டியவற்றில் 50ஐக் குலுக்கல் முறையில் எடுங்கள். ஸ்காலர் முதல் 1,000 முடிவுக்கு மேல் காட்டாது, அதனால் ஆண்டுவாரியாக வடிகட்டி, ஒவ்வொரு காலத்திலிருந்தும் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அந்த மேற்கோள் வரும் பத்தியை மட்டும் படித்து, கருதுகோளைத் தரவால் சோதித்ததா, மறுத்ததா, கொள்கைக்கு ஆதாரமாக்கியதா, சும்மா பெயர் சொல்லிக் கடந்ததா என்று குறியுங்கள். இன்னொருவரையும் தனியாகக் குறிக்கச் சொல்லி, இரண்டு பேரும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்று கப்பா மதிப்பு போடுங்கள். சும்மா கடந்தவைதான் அதிகம் இருந்தாலும் கலங்க வேண்டாம், அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான்.

கொள்கைத் தாக்கத்தில் நிதானம் வேண்டும். 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காக அக்னிஹோத்ரி தலைமையில் எழுதிய இந்திய மொழிக் கற்பித்தல் ஆவணத்தில் பிக்ஸ், கால்ப் இரண்டும் பெயர் சொல்லி வருகின்றன. அதை நேரடிச் சான்றாக வைக்கலாம். 2020 தேசியக் கல்விக் கொள்கை 4.11 பத்தி, குறைந்தது 5ஆம் வகுப்பு வரை முடிந்த இடத்தில் வீட்டு மொழி வழியே கற்பிக்கச் சொல்கிறது. அதில் கம்மின்ஸ் பெயர் இல்லை. "இவரால் வந்தது" என்று எழுதினால் தப்பு. சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஏற்பாடு செய்யச் சொல்லும் 350ஏ பிரிவு 1956இலேயே அரசியலமைப்பில் வந்துவிட்டது, அவர் எழுதத் தொடங்கும் முன்னமே. கலிபோர்னியாவையும் பாருங்கள்: 1981இல் அவர் கட்டுரையை வெளியிட்ட அதே மாநிலம் 1998இல் மக்கள் வாக்களித்த 227ஆம் முன்மொழிவால் இருமொழிக் கல்வியைக் கட்டுப்படுத்தியது, 2016இல்தான் 58ஆம் முன்மொழிவு அதைத் தளர்த்தியது. ஆய்வுலகச் செல்வாக்கு வேறு, வாக்குப்பெட்டி வேறு.

வேலந்தாவளம்_எம்எட்

ரொம்ப நன்றி மாஷ், நன்றி அக்கா. சார்புக் கருதுகோளுக்கே மாறிவிடுகிறேன். நான்கு பள்ளி, 100 பிள்ளை போதுமா? ஒரே பத்தியைத் தமிழிலும் மலையாளத்திலும் மொழிபெயர்த்துக் கொடுக்கலாமா?

எருத்தேம்பதி மாஷ்

மொழிபெயர்ப்பு வேண்டாம். முதலில் படித்ததன் ஞாபகத்தில் இரண்டாவதுக்கு விடை எழுதிவிடுவார்கள், ஒட்டுறவு (இரண்டு மதிப்பெண்ணும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) பொய்யாக ஏறும். ஒரே வகை, ஒரே கடினம், வேறு வேறு பொருள் என்று மொழிக்கு இரண்டு பத்தி: ஒன்று கதை, ஒன்று அறிவியல் அல்லது சமூகவியல். 150 முதல் 200 சொல், பத்திக்கு 10 கேள்வி, அதில் பாதியாவது பத்தியில் நேராக இல்லாத, ஊகித்து எழுத வேண்டிய கேள்வி. பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் முதலில், மீதிக்கு மலையாளம் முதலில், இடையே ஒரு வாரம். தனியாக 20, 30 பிள்ளைகளிடம் முன்சோதனை செய்து, பத்தில் ஒன்பதுக்கு மேல் சரியாக எழுதிய கேள்வியையும், ஐந்தில் ஒருவர்கூடச் சரியாக எழுதாத கேள்வியையும் எடுத்துவிடுங்கள்.

மலையாளத்தில் எழுத்துக் கூட்டவே வராத பிள்ளைக்குப் பொருள் கேள்வி கொடுத்தால் பூஜ்யம்தான் வரும். கூட்டெழுத்தும், தமிழில் 'க' ஒன்றே நிற்கும் இடத்தில் நான்கு ஒலிக்கு நான்கு எழுத்து வருவதும் தமிழ்ப் பிள்ளைக்குத் தனிச் சுமை. அதனால் ஒரு நிமிடம் உரக்க வாசிக்கும் சொற்பட்டியலைத் தனியாக வைத்து, அந்த மதிப்பெண்ணையும் பதிவு செய்யுங்கள். சொல்சாரா அறிவுத்திறனுக்கு ரேவன் நிலையான சோதனை, 60 உருப்படி. அதையும் பெற்றோர் படிப்பையும் கட்டுப்படுத்திப் பகுதி ஒட்டுறவு (அவற்றின் பங்கைக் கழித்த பின் மிஞ்சும் ஒட்டுறவு) போடுங்கள். இல்லாவிட்டால் "கெட்டிக்காரப் பிள்ளை இரண்டிலும் நன்றாக எழுதும், இதில் மொழிக் கைமாற்றம் எங்கே வந்தது" என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவார்கள்.

எண்ணிக்கைக்கு வருவோம். 0.30 ஒட்டுறவை 5 சதவீத முக்கியத்துவ நிலையில் 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கச் சுமார் 85 பேர் வேண்டும். ஆனால் அது ஒவ்வொருவரையும் தனித்தனியே குலுக்கி எடுத்தால். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒன்றுபோல இருப்பார்கள். பள்ளிக்குள் ஒற்றுமை 0.10 என்று வைத்தால், பள்ளிக்கு 25 பேர் எடுக்கையில் பெருக்கம், அதாவது தேவைப்படும் எண்ணிக்கை எத்தனை மடங்காகும் என்பது, 1 + 24 × 0.10 = 3.4. உங்கள் 100 பேர் தோராயமாக 29 பேருக்குச் சமம். பத்துப் பள்ளி, பத்துப் பத்துப் பேர் என்றால் பெருக்கம் 1.9தான், 53 பேருக்குச் சமமாகும். பள்ளி கூட்ட வழியில்லை என்றால் ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் பள்ளிச் சராசரியைக் கழித்து, பள்ளிக்குள் உள்ள ஒட்டுறவை மட்டும் சொல்லுங்கள், முடிவையும் அந்த நான்கு பள்ளிக்கே நிறுத்துங்கள். சோதனைகளின் நம்பகமும் (மதிப்பெண் எவ்வளவு பிழையின்றி நிலையாக வருகிறது என்ற அளவு) வெளியிட வேண்டும்: தமிழுக்கு 0.81, மலையாளத்துக்கு 0.64 வந்து ஒட்டுறவு 0.40 என்றால், அளவுப் பிழையைத் திருத்தினால் 0.40 ÷ 0.72, அதாவது 0.56. இரண்டையும் போடுங்கள், திருத்தியதை மட்டும் போட்டால் ஏமாற்று வேலை.

யு.பி. (நடுநிலை) பள்ளிக்கு ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அதிகாரி) அனுமதி, ஹைஸ்கூலோடு சேர்ந்தது என்றால் டி.இ.ஓ. (மாவட்டக் கல்வி அதிகாரி). பெற்றோர் சம்மதப் படிவம் தமிழில். ஜூன், ஜூலையில் மழைக்குக் கலெக்டர் லீவு விட்டால் ஒரு வார இடைவெளி கெட்டுவிடும். ஓணம் லீவு முடிந்து கிறிஸ்துமஸ் பரீட்சைக்கு முன் முடித்துவிடுங்கள்.

குப்பம்_வாசகி

ஒரு சின்ன விஷயம். அந்த வொர்க்கிங் பேப்பருக்கு சிலர் 121–129 என்று பக்கம் போடுகிறார்கள், சிலர் 197இல் தொடங்குகிறார்கள். மூலத்தைத் திறக்காமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய அடையாளம் அது. ஸ்காலரில் பதிவு உடைவதற்கும் இப்படிப்பட்ட வேறுபாடுகள் ஒரு காரணம். கையில் மூலம் இல்லை என்றால் யார் வழியாக எடுத்தீர்களோ அவரையே சொல்லி மேற்கோள் காட்டுங்கள் தம்பி.