வாரம் 14 குடிக்கலாமாம். எதில் 14?

நாலாம் டிவிஷன்:
இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் இந்தச் செய்தி சுற்றுகிறது: ‘முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வாரம் 14 வரை குடிக்கலாம், ஈரலுக்கு ஒன்றும் ஆகாது, லண்டனில் நிரூபித்துவிட்டார்கள்.’ எதில் 14? டம்ளரா, டின்னா, பாட்டிலா, வாளியா? சொல்லவே இல்லை. நாளைக்குக் கோப்பிக் கடையில் பெரிய பாட்டிலை வைத்து எண்ண ஆரம்பிப்பார்கள். எழுதிய மகராசன் இங்கே இருந்தால் பதில் சொல்லட்டும்.

ஸ்டவுட் சிங்கம்:
மகராசன் நான்தான். ஒளிய வேண்டிய அவசியம் இல்லை. ஜனங்களுக்குப் புரியட்டும் என்று லண்டன் என்று போட்டேன், ஆய்வு மான்செஸ்டர்காரர்களுடையது, 2017. பிரிட்டன் குடும்ப மருத்துவர்களின் பதிவுகள், 1987 முதல் 2016 வரை, 11,839 பேர். எல்லாருக்கும் முடக்குவாதம், எல்லாரும் மெத்தோட்ரெக்ஸேட். வாரம் 14 யூனிட்டுக்குள் குடித்தவர்களுக்கு, தொடாதவர்களை விட ஈரல் என்சைம் அதிகம் ஏறியதாகத் தெரியவில்லை. படித்துவிட்டு வந்து துள்ளுங்கள்.

நாலாம் டிவிஷன்:
யூனிட் என்ற சொல் இப்போதுதான் வெளியே வருகிறது. செய்தியில் அதை ஏன் விழுங்கினீர்கள்? பிரிட்டன் யூனிட் ஒன்றுக்கு 10 மில்லி சுத்த ஆல்கஹால், அதாவது 8 கிராம். 5 விழுக்காடு பீர், 320 மில்லி டின் என்றால் 16 மில்லி, 1.6 யூனிட். 580 மில்லி பாட்டில் 2.9 யூனிட். ஆக 14 யூனிட் என்பது வாரம் முழுக்க எட்டே முக்கால் டின், பெரிய பாட்டிலில் ஐந்து கூட முழுசாகத் தேறாது. 14 பாட்டில் போனால் 40 யூனிட்டைத் தாண்டிவிடும். அதே ஆய்வில் 21 யூனிட்டுக்கு மேல் போனவர்களுக்கு ஈரல் பாதிப்பு தெளிவாகவே கூடியிருக்கிறது. அந்த வரியும் உங்கள் வயிற்றுக்குள் போய்விட்டது போல.

செம்பனை மைனர்:
அண்ணே, அமெரிக்காவில் ஒரு டிரிங்க் என்றால் 14 கிராம். சிங்கம் அண்ணன் அந்த 14-ஐச் சொல்லியிருப்பார்.

நாலாம் டிவிஷன்:
தம்பி, அது ஒரு கிளாஸுக்குள் இருக்கும் ஆல்கஹாலின் எடை. நீங்கள் சொல்கிற மாதிரி 14 அமெரிக்க டிரிங்க் குடித்தால் 196 கிராம், 24.5 யூனிட். 21-ஐயும் தாண்டியாச்சு. உதவிக்கு வந்து உங்கள் அண்ணனையே கவிழ்த்துவிட்டீர்கள்.

ஸ்டவுட் சிங்கம்:
14 என்றால் 14. ஆய்வில் இருக்கிறது. பிடிக்காவிட்டால் மான்செஸ்டருக்குக் கடிதம் போடுங்கள்.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் ‘ஒரு சொட்டும் கூடாது’ என்று பயமுறுத்தினால் நம் ஆள் எதை விடுவான்? பீரையா? மாத்திரையை விடுவான். தீபாவளி வாரம், கல்யாண வாரம், திருவிழா வாரம் என்று மூன்று டோஸ் போனால் விரல் கணு மறுபடி வீங்கும், காலையில் கை மடங்காது. எலும்பு அரித்த பிறகு திரும்பி வராது. அதைத் தடுக்கத்தான் 14 என்று ஓர் எல்லையைச் சொல்கிறேன்.

மருதாணி அக்கா:
மாத்திரையை விடுவது பற்றிச் சிங்கம் சொன்னதில் மட்டும் தப்பில்லை. ஆனால் இங்கே பாதிப் பேர் வேறு ஒன்று செய்கிறார்கள். மாத்திரை வெள்ளிக்கிழமை, ஆகவே அன்றைக்கு மட்டும் விரதம், சனி ஞாயிறு கச்சேரி. மெத்தோட்ரெக்ஸேட் ஒரு நாளில் கழுவிவிட்டுப் போகிற மருந்து இல்லை. ஈரல் செல்லுக்குள் தங்கி வாரம் முழுக்க வேலை செய்கிறது, அதனால்தான் வாரம் ஒரு தடவை கொடுக்கிறார்கள். எந்தக் கிழமையில் குடிக்கிறீர்கள் என்பது ஈரலுக்குப் பெரிய விஷயம் இல்லை, மொத்தம் எவ்வளவு என்பதுதான்.

இன்னொன்று. எல்லாரும் ஈரலைப் பிடித்துத் தொங்குகிறீர்கள், வயிற்றைக் கேட்பார் இல்லை. வலி தாங்காமல் டைக்ளோஃபினாக் வலி மாத்திரை, கூடவே பிரட்னிசோலோன் ஸ்டீராய்டு, சாயங்காலம் தண்ணி. மூன்றும் சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும். மலம் தார் மாதிரி கறுத்தால் அடுத்த அப்பாய்ன்ட்மென்ட் வரை உட்கார்ந்திருக்கக் கூடாது, அன்றைக்கே அவசரப் பிரிவு.

ஸ்டவுட் சிங்கம்:
நன்றி அக்கா. என் பக்கம் என்று ஒப்புக்கொண்டதற்கு.

மருதாணி அக்கா:
ஒரு வரியை மட்டும் பொறுக்கி எடுக்கிற பழக்கம் உங்களுக்கு எப்போதும் உண்டு. ஆறு மாதத்துக்கு முன் டெங்கிக்குப் பப்பாளி இலைச் சாறு விவகாரத்திலும் இதே கதைதான்.

ஸ்டவுட் சிங்கம்:
பழசைக் கிளறாதீர்கள். சரி, ஸ்வீடனுக்கு வாருங்கள். 2012, சுமார் 34,000 பெண்கள். வாரம் 3 கிளாஸுக்கு மேல் தொடர்ந்து குடித்தவர்களுக்கு முடக்குவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி. இதையும் நானா ஜோடித்தேன்?

நாலாம் டிவிஷன்:
ஜோடிக்கவில்லை, இடம் மாற்றி ஒட்டுகிறீர்கள். அது நோய் இல்லாத பெண்களுக்கு நோய் வருமா என்று பார்த்தது. நாம் பேசுவது நோய் வந்து, மருந்து ஏறி, ரத்தப் பரிசோதனையில் இருப்பவர்களைப் பற்றி. அடுத்து 2010-இல் வந்த ஷெஃபீல்டு ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள், குடிக்கிறவர்களுக்கு நோய் கடுமை குறைவு என்று. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நோய் முற்றியவனும் மருந்து கூடியவனும் தானாகவே குடியைக் குறைப்பான். அப்புறம் குடிக்கிற கூட்டத்தில் மிஞ்சுகிறவன் தெம்பாகத்தான் தெரிவான்.

மான்செஸ்டர் எண்ணிலும் ஒரு சங்கதி இருக்கிறது. அவர்கள் ஈரல் பாதிப்பு என்று கணக்கில் எடுத்தது ஏஎல்டி அல்லது ஏஎஸ்டி என்ற ஈரல் என்சைம், சாதாரண அளவின் மேல் எல்லையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் ஏறினால்தான். மூன்று மடங்கு ஏறவில்லை என்பதால் ஈரல் சுத்தம் என்று ஆகிவிடாது. இனிப்புநீரும் தொப்பையும் சேர்ந்து கொழுப்பு ஈரல் இருப்பவருக்கு என்சைம் சாதாரணமாகக் காட்டிக்கொண்டே உள்ளே தழும்பு விழலாம். நம் தோட்டத்துப் பக்கம் இனிப்புநீர் இல்லாத வீட்டைக் காட்டுங்கள்.

ஸ்டவுட் சிங்கம்:
வீட்டைக் காட்டு, தொப்பையைக் காட்டு. எண்ணுக்குப் பதில் இல்லை. 14.

செம்பனை மைனர்:
கள்ளுக்கு எவ்வளவு கணக்கு அண்ணே? அது இயற்கைதானே, மருந்தோடு ஒத்துப்போகும் என்கிறார்கள்.

நாலாம் டிவிஷன்:
ஈரலுக்கு இயற்கை செயற்கை தெரியாது, எத்தனால்தான் தெரியும். கள்ளில் லேபிள் கிடையாது, அதுதான் சிக்கல். காலையில் இறக்கியது வேறு, சாயங்காலம் வரை புளித்தது வேறு. 5 விழுக்காடு என்று வைத்தால் ஒரு லிட்டர் 5 யூனிட், 7 என்றால் 7 யூனிட். அதே பானைதான், நேரம் போனால் கணக்கு ஏறும். 38 விழுக்காடு சம்சு சாராயம் 200 மில்லி என்றால் 7.6 யூனிட், ஒரே இரவில் உங்கள் 14-இல் பாதிக்கு மேல் போச்சு. கள்ளத்தனமாகக் காய்ச்சியது என்றால் கணக்கே வேண்டாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவால் எத்தனை பேர் போனார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

பிரிட்டனிலேயே அந்த 14-ஐ மூன்று நாளிலோ அதற்கு மேலோ பரப்பிக் குடிக்கச் சொல்கிறார்கள். சம்பளம் போட்ட ராத்திரியில் மொத்தமாக இறக்கச் சொல்லவில்லை. லெஃப்ளூனமைட் என்ற இன்னொரு முடக்குவாத மருந்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் கதை இன்னும் கடினம். அதுவும் ஈரலைத் தொடும், நிறுத்தினாலும் உடம்பை விட்டுச் சீக்கிரம் போகாது, பாதி குறையவே ஏறக்குறைய 2 வாரம்.

தண்டவாளம்:
வாதக்காரனுக்கு பீரே ஆகாது, இது எங்கள் தாத்தா காலத்துச் சங்கதி. குடித்த மறுநாள் கால் பெருவிரல் செவசெவ என்று வீங்கும். இதற்கு மான்செஸ்டர் எதற்கு?

மருதாணி அக்கா:
அது கவுட். யூரிக் ஆசிட் உப்பு மூட்டில் படிவது. பீரில் யூரிக் ஆசிடாக மாறும் பியூரின் இருப்பதால் அது கிளம்பும். முடக்குவாதம் வேறு: இரண்டு கையிலும் சின்ன மூட்டுகள், காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு. மருந்தும் வேறு. கவுட்டுக்கு மெத்தோட்ரெக்ஸேட் கேட்டு வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

தண்டவாளம்:
எல்லாம் வாதம்தான். வீங்கினால் வாதம். பட்டப்படிப்பு இல்லாதவன் பேசக் கூடாதா இங்கே?

நாலாம் டிவிஷன்:
பேசலாம். பெயரைக் குழப்பினால் மாத்திரையும் குழம்பும். மெத்தோட்ரெக்ஸேட் 2.5 மில்லிகிராம் மாத்திரை, 15 மில்லிகிராம் டோஸ் என்றால் ஆறு மாத்திரை, வாரத்துக்கு ஒரு தடவை. ‘தினமும்’ என்று நினைத்துச் சாப்பிட்டால் வாயெல்லாம் புண், ரத்த அணு சரிவு, உயிரே போகும். கூடக் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் வைட்டமின் வேறு கிழமையில். ரத்தப் பரிசோதனை ஆரம்பத்தில் 2 வாரத்துக்கு ஒரு தடவை, டோஸ் நிலையானதும் மாதம் ஒன்று, அப்புறம் 3 மாதத்துக்கு ஒன்று. கிளினிக்கில் ‘குடிப்பீர்களா’ என்று கேட்டால் ‘எப்போதாவது’ என்று இழுக்காமல் எத்தனை டின், எத்தனை பாட்டில், எத்தனை நாள் என்று சொல்லுங்கள். டோஸை வைத்துப் பார்ப்பவருக்கு அந்த எண் வேண்டும்.

ஸ்டவுட் சிங்கம்:
கடைசியில் எண் வேண்டும் என்று நீங்களே வந்துவிட்டீர்கள். அந்த எண்தான் 14.

நாலாம் டிவிஷன்:
யூனிட். யூனிட். யூனிட். செய்தியைத் திருத்தி அனுப்புங்கள், நான் வாயை மூடுகிறேன்.

ஸ்டவுட் சிங்கம்:
திருத்த அதில் பிழை இல்லை.

தண்டவாளம்:
சண்டை போடுகிறவர்கள் போடுங்கள். மூட்டு வலிக்கு என் மச்சானிடம் மாஜுன் என்ற நாட்டு மருந்து உருண்டை இருக்கிறது. மூன்றே நாளில் எழுந்து நடப்பார்கள். தண்ணியோடும் சாப்பிடலாம், பத்தியம் கிடையாது.

மருதாணி அக்கா:
மூன்று நாளில் எழுந்து நடக்க வைப்பது பெரும்பாலும் உள்ளே கலந்த ஸ்டீராய்டு. இந்த நாட்டில் இப்படிப்பட்ட மாஜுனில் டெக்ஸாமெத்தசோன் எத்தனையோ தடவை பிடிபட்டிருக்கிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், மாதக்கணக்கில் தின்றுவிட்டு சடாரென்று நிறுத்தினால் ஆள் சுருண்டு விழுவார். பொட்டலத்தில் சுகாதார அமைச்சின் எம்ஏஎல் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா?

தண்டவாளம்:
ஸ்டிக்கர் எதற்கு? மச்சான் கையால் கட்டித் தருகிறான்.

நாலாம் டிவிஷன்:
அப்படியானால் விளம்பரத்தை எடுங்கள். இல்லை, பதிவு எண்ணைப் போடுங்கள்.

தண்டவாளம்:
போடுகிறேன். முதலில் நீங்கள் போன வருஷத்துத் திருவிழா அன்னதானக் கணக்கைப் போடுங்கள்.

நாலாம் டிவிஷன்:
அந்தக் கணக்கு மண்டபத்துப் பலகையில் ஒட்டியிருந்தது.

ஸ்டவுட் சிங்கம்:
எந்தப் பலகையில்? அரிசி எத்தனை மூட்டை என்று அதிலும் யூனிட் போடவில்லையே.